மரியாதைக்குப் போட்ட ஓட்டு

அந்த ஜூன் மாதத்தில் டாரெல் பெட்டிஸால் முடிவெட்டிக்கொள்ளக்கூட நிம்மதியாகப் போக முடியவில்லை. லூத்தரின் கடைக்குள் காலை வைத்ததுமே ஆரம்பித்துவிடுவார்கள்.

"வாங்க வாங்க, ஓட்டுப் போடாத மகராசரே. இன்னிக்கு முடி வெட்டவாவது ஞாபகம் வந்துச்சே."

"கோழி ஆலைல டபுள் ஷிப்ட் அண்ணே. வெளிய வர்றப்ப வாக்குச்சாவடிய மூடிட்டாங்க. எத்தன தடவ சொல்றது?"

"அந்தக் கோழியெல்லாம் இன்னும் ஒரு மணி நேரம் உசுரோட இருந்தா என்னடா கெட்டுப்போயிருக்கும்?" என்றார் லூத்தர், கத்தரிக்கோலை நிறுத்தாமல். "உங்க அத்தை உன்னைய இடுப்புல தூக்கி வளத்தாங்க. அதுக்கு ஒரே ஒரு ஓட்டு."

டாரெலுக்கு நாற்பது வயது, மூன்று பிள்ளைகள். அவன் அத்தை வெர்னெல் பெட்டிஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுநர். எங்கள் ஊரான ஆஷ்பி கிராஸிங்கின் இரண்டாவது வார்டில் நகர மன்றத்துக்கு நின்றிருந்தார். எதிரே நின்றவர் ஹாலிஸ் ட்ரூயிட், மருந்துக்கடைக்காரர், பல தேர்தல்களாக அதே நாற்காலியில் இருப்பவர். எண்ணி முடித்தபோது இருவருக்கும் இருநூற்றுப் பதினான்கு. மறுபடி எண்ணினார்கள், அதே இருநூற்றுப் பதினான்கு. மிசிசிப்பியில் இதற்குச் சட்டம் இருக்கிறது. சீட்டு எடுத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நான் இந்த மாவட்டத்து வாரப் பத்திரிகையில் செய்தி எழுதுகிறவன். வளர்ந்தது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கறுப்பர்கள் இருக்கிற பக்கத்தில். அந்தப் பக்கத்தில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. சாக்கடையைத் தள்ளிவிடுகிற பம்பு எப்போதோ பழுதாகிவிட்டது. கழிவறையில் போனதெல்லாம் குளியல் தொட்டி வழியாகவும் முற்றத்துப் புல் வழியாகவும் திரும்பி வரும். புதுப் பம்புக்கு மத்திய அரசு பெரும்பகுதி பணம் தரத் தயாராக இருந்தது. நகர மன்றம் தீர்மானம் போட்டு, தன் பங்கை ஒதுக்கி, கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

மன்றத்தில் ஐந்து பேர். மூன்று வெள்ளையர், இரண்டு கறுப்பர். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சம்பந்தப்பட்ட எதுவும் மூன்றுக்கு இரண்டு என்று தோற்கும். அந்த மூன்றில் ஒருவர் ஹாலிஸ். ஆனால் அவர் வாயிலிருந்து "முடியாது" என்று நான் கேட்டதே இல்லை. "அடுத்த வருஷம் பட்ஜெட்ல பாக்கலாம்" என்பார். அதை அவ்வளவு கனிவாகச் சொல்வார் என்பதால், கேட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஏதோ கிடைத்துவிட்டதைப் போலவே வருவார்கள்.

அவரைக் கெட்டவர் என்று எழுத என்னால் முடியாது. சூறாவளி அடித்த வருடம், மின்சாரம் இல்லாத வீடுகளுக்கு ஐஸ் பெட்டியில் இன்சுலின் எடுத்துக்கொண்டு அலைந்தவர். போன ஜனாதிபதித் தேர்தலின் தட்டிகள் அவர் தெருவில் இன்னும் பிடுங்கப்படாமல் நிற்கின்றன. அவர் புல்வெளியில் மட்டும் ரோஜாச் செடிகள். தொலைக்காட்சியில் கேட்கிற எந்தக் கூச்சலும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

சீட்டு எடுக்க இருந்ததற்கு முந்தைய சனிக்கிழமை நல்ல மழை. படம் எடுக்கலாம் என்று வெர்னெல் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பலகைகள் போட்டிருந்தார்கள். கார் நிறுத்தும் கொட்டகையின் கீழே அவர் கணவர் ராய்ஸ் சக்கர நாற்காலியில் இருந்தார். சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது. மழை பெய்தால் அவரால் கொட்டகையை விட்டு நகர முடியாது. சக்கரம் அந்தத் தண்ணீரில் இறங்கினால் பிறகு கையால் தொட வேண்டியது அதே சக்கரத்தைத்தான்.

அப்போது ஹாலிஸின் வண்டி வந்தது. வழக்கமாக அவர் சாலையிலேயே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மருந்துப் பையை நீட்டுவார். அன்று இறங்கினார். ஒரு கையில் மருந்து, மறு கையில் அவர் மனைவி தாளில் சுற்றிக் கொடுத்த கேக்.

"வெர்னெல், ராய்ஸோட மருந்து. இது மார்த்தா குடுத்துவிட்டா. எலுமிச்சை கேக்."

"வாங்க மிஸ்டர் ஹாலிஸ். பலகை மேலயே கால வச்சு வாங்க. தப்பி கீழ வச்சிட்டீங்கன்னா ஷூவ இங்கயே விட்டுட்டுப் போகணும்."

அவர் பலகை பலகையாக வந்தார். பாதியில் நின்று முற்றத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மூக்குவரை கொண்டுபோனவர், நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

வெர்னெல் இனிப்புத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த நாற்றத்தில் ஹாலிஸ் அதை முழுதாகக் குடித்தார். அதையும் சொல்ல வேண்டும்.

"ஒரு விஷயம் சொல்லணும். மார்லன் இங்க இருக்கறதும் நல்லதுதான், இதுல ஒளிக்க ஒண்ணுமில்ல," என்று என்னைப் பார்த்துவிட்டு வெர்னெல் பக்கம் திரும்பினார். "நான் உனக்குத்தான் ஓட்டுப் போட்டேன், வெர்னெல்."

ராய்ஸ் சிரித்துவிட்டார். "மருந்துக்கடைக்காரருக்கே யாரோ மருந்த மாத்திக் குடுத்துட்டாங்க போல."

ஹாலிஸும் சிரித்தார். "இல்ல ராய்ஸ். எங்க அப்பாவும் அந்த மன்றத்துல இருந்தவரு. தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கறது, விருந்துல தன் தட்டுல தானே பெரிய துண்ட எடுத்து வச்சுக்கற மாதிரின்னு சொல்லுவாரு. எதிர்ல நிக்கறவங்களுக்குப் போடணும். அது ஒரு மரியாத. நான் நின்ன ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் போட்டிருக்கேன். இதுவரைக்கும் அதனால ஒண்ணும் ஆனதில்ல."

 வெர்னெல் விரல்களை லேசாக மடக்குவதைப் பார்த்தேன். கணக்குப் போடுகிறார்.

"எனக்கே போட்டிருந்தா நான் ரெண்டு ஓட்டுல ஜெயிச்சிருப்பேன்," என்றார் ஹாலிஸ். "ஓட்டே போடாம வீட்ல படுத்திருந்தாலும் ஒண்ணுல."

"கணக்கு சரிதான், மிஸ்டர் ஹாலிஸ்."

"அதான் கேக்க வந்தேன். சட்டத்துல இதுக்கு எடமில்ல, தெரியும். ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கே. சீட்டு எடுக்கறதுக்கு முன்னாடி நீயா விலகிக்கிட்டா நல்லா இருக்கும். மரியாதைக்கு மரியாத." தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "பம்பு விஷயத்த ஜூலை முதல் கூட்டத்துலயே நானே கொண்டு வர்றேன். நானே கை தூக்கறேன். இது என் வார்த்தை."

இந்த முறை ராய்ஸ் சிரிக்கவில்லை.

"நாளைக்குச் சர்ச்சுக்குப் போயிட்டு வந்து யோசிக்கறேன்," என்றார் வெர்னெல். "கேக்குக்கு மார்த்தாம்மாகிட்ட நன்றி சொல்லுங்க."

வண்டி போனதும் ராய்ஸ் பேசினார். மெதுவாகத்தான் பேசினார்.

"ஒத்துக்க, வெர்னெல்."

"எத?"

"பம்ப. நாம கேட்டது பம்புதான? நாற்காலியவா நிறுத்தி அது மேல குளிக்கப் போறோம்? அந்தாளு வார்த்தை குடுத்தா காப்பாத்துவாரு. சீட்டு எடுத்தா பாதிக்குப் பாதி. ஒரு காலு போச்சு எனக்கு. மிச்சம் இருக்கற ஒண்ண வச்சு நான் சூதாட மாட்டேன்."

வெர்னெல் கேக்கைப் பிரித்து மூன்று துண்டு வெட்டினார். முதல் துண்டு எனக்கு வந்தது.

"நீ சொல்லு தம்பி. அவரு கேக்கறது நியாயமா?"

"செய்தி எழுதறவன் எதையும் சொல்லக் கூடாது, மிஸ் வெர்னெல்."

"செய்தி எழுதறவன்கிட்ட யார் கேட்டா? உங்க அம்மா பெத்த பிள்ளைகிட்ட கேக்கறேன்."

"அவர் பொய் சொல்லல. அதுதான் கஷ்டமா இருக்கு," என்றேன். 

இந்தத் தொழிலில் வெறுப்பைப் பலமுறை எழுதியிருக்கிறேன். பள்ளிக் குழுக் கூட்டத்தில் நூலகப் புத்தகங்களைத் தடை செய்யச் சொல்லிக் கத்தியவர்கள், எங்கள் சர்ச் வாசலில் வண்டியை மெதுவாக்கி, பழைய அடிமைக்காலத்துக் கொடியை ஆட்டிக்கொண்டு போனவர்கள். அவற்றை எழுதுவது சுலபம். யார் என்ன சொன்னார், போலீஸ் எப்போது வந்தது, அவ்வளவுதான். இதை எப்படி எழுதுவது என்று அன்று மாலை முழுவதும் தெரியவில்லை. ஒரு மனிதர் தன் ஓட்டை, மேசையில் உப்பை நகர்த்திக் கொடுப்பதைப்போல, எதிரே இருப்பவருக்கு நகர்த்திக் கொடுத்திருக்கிறார். அது தனக்கு வேண்டியிருக்கும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவர் அப்பாவுக்கும் தோன்றியதில்லை. அதில் கர்வம் இல்லை. காற்று தீர்ந்துபோகும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

திங்கட்கிழமைக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. ராய்ஸ் சொன்னாரோ, ஹாலிஸே சொன்னாரோ. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், வெள்ளையர்கள் கூடுகிற உணவு விடுதியில், "ஹாலிஸ் மாதிரி ஆளுக்கு இந்தக் காலம் இல்ல" என்று தலையாட்டிக்கொண்டார்கள். லூத்தர் கடையில் டாரெல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"கேட்டீங்களா? அவரே எங்க அத்தைக்குத்தான் போட்டிருக்காரு. அப்போ என் மேல தப்பில்லதான?"

"ஒக்காரு," என்றார் லூத்தர். "வெள்ளக்காரரு ஓட்டும் சேந்துதான்டா நமக்குச் சமம் வந்திருக்கு. அதுவும் இல்லன்னா தோத்திருப்போம். உன் ஓட்டும் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம். இப்ப உன் தப்பு ரெட்டிப்பு."

அன்று பிற்பகல் வெர்னெலைச் சர்ச் வாசலில் பார்த்தேன். முடிவு செய்துவிட்டீர்களா என்று கேட்கவில்லை. அவரே பேச ஆரம்பித்தார், அவர் அம்மாவைப் பற்றி. கறுப்பர்களும் தடையில்லாமல் ஓட்டுப் போடலாம் என்று சட்டம் மாறிய புதிதில் அம்மா போய் வாக்காளராகப் பெயரைப் பதிந்திருக்கிறார். அடுத்த வாரம், துணி தேய்த்துக்கொண்டிருந்த வீட்டில் இனி வரவேண்டாம் என்றார்கள். அதற்கப்புறம் பல நாள் காலையில் வழக்கம்போலக் கிளம்பிப் போய், வேலை தேடிவிட்டு, வழக்கம்போலத் திரும்பி வந்திருக்கிறார். அப்போது வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

"சாகறவரைக்கும் ஒரு தேர்தல விடல. ஆனா யாருக்குப் போட்டான்னு எங்க அப்பாவுக்கே தெரியாது," என்றார் வெர்னெல். "கேட்டா, 'அத உங்ககிட்ட சொல்றதுக்கா வேலைய எழந்தேன்'னு திட்டுவா."

சீட்டு எடுக்கும் நாளன்று நகர மன்றத்தில் உட்கார இடமில்லை. முதலில் எதில் போட்டு எடுப்பது என்று ஒரு சண்டை. நகரச் செயலர் பாட்ஸி தன் கணவரின் தொப்பியைக் கொண்டுவந்திருந்தார். அந்தத் தொப்பியின் நெற்றியில் ஒரு கட்சியின் வாசகம் இருந்ததால் எங்கள் பக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பாதிரியார் காணிக்கைத் தட்டைத் தருகிறேன் என்றார். "எந்தச் சர்ச்சுத் தட்டு?" என்று எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல். கடைசியில் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் சோளப்பொரி விற்கிற வாளியைக் கொண்டுவந்தார்கள். அதற்கு யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பெயர்களை வைக்க, ஈஸ்டருக்குப் பிள்ளைகள் தேடி எடுக்கிற பிளாஸ்டிக் முட்டைகள். ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று நீலம்.

"ரெண்டும் ஒரே நிறமா இருக்கணும், பாட்ஸி," என்றார் தேர்தல் குழுத் தலைவர்.

"நான் கண்ண மூடிக்கிட்டுத்தானய்யா எடுக்கப் போறேன்."

"மூடினாலும் ஒரே நிறம்."

பாட்ஸி இரண்டு மஞ்சள் முட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வெர்னெல் ஹாலிஸிடம் போனார். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். எனக்குக் கேட்டது.

"மிஸ்டர் ட்ரூயிட்," என்றார். அதுவரை 'மிஸ்டர் ஹாலிஸ்'தான்; சமமானவரைக் கூப்பிடுவதுபோல் குடும்பப் பெயரை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. "உங்க ஓட்டுக்கு நன்றி. மனசாரத்தான் சொல்றேன். ஆனா நான் விலகல."

ஹாலிஸ் முகம் சிவந்தது. "நான் கேட்டது தப்பா, வெர்னெல்?"

"தப்புன்னு சொல்லல. நீங்க உங்க ஓட்ட எனக்குக் குடுத்தீங்க. அது உங்க இஷ்டம். நான் என் ஓட்ட எனக்குத்தான் போட்டேன். கையே நடுங்கல. எங்க வீட்ல அத மரியாதைக்குன்னு யாருக்கும் குடுத்துப் பழக்கமில்ல. மத்தவங்க இருக்காங்களே, ஷிப்ட் முடிச்சு வெயில்ல நின்னு போட்டவங்க, அவங்க சார்பா விலகிக்கறதுக்கு என்னைய யாரும் கேட்டுக்கல."

"அப்போ பம்பு விஷயம்?"

"அத நான் விலைக்குக் கேக்கல. செய்யணும்னு தோணிச்சுன்னா செய்ங்க."

ராய்ஸ் முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தார். வெர்னெல் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் மனைவியின் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். அது ஒப்புதல் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் கை அங்கேயே இருந்தது.

பாட்ஸி கண்ணை மூடி, வாளிக்குள் கையை விட்டு, ஒரு மஞ்சள் முட்டையை எடுத்துத் திறந்தார். சீட்டைப் பிரித்தவர் ஒரு கணம் வெர்னெலைப் பார்த்தார். அப்போதே எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"ஹாலிஸ் ட்ரூயிட்."

கைதட்டல் ஹாலிஸ் பக்கத்தில் எழுந்து, அவரே கையை உயர்த்தியதும் அடங்கியது. வெர்னெல் போய்க் கைகுலுக்கினார். டாரெல் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு வெளியே போனான். அவனை அன்று யாரும் கேலி செய்யவில்லை.

ஜூலைக் கூட்டத்துக்கு நான் பெரிய எதிர்பார்ப்போடு போகவில்லை. சாலை விளக்கு, நாய் உரிமம், வழக்கமானவை முடிந்தன. ஹாலிஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, புதுப் பம்புக்கு விண்ணப்பிக்கத் தீர்மானம் கொண்டுவருகிறேன் என்றார். வழிமொழிய வேண்டிய எங்கள் பக்கத்து உறுப்பினர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பாட்ஸிதான் மெதுவாக, "யாராவது வழிமொழிஞ்சாதான் ஐயா நடக்கும்" என்று ஞாபகப்படுத்தினார். மூன்றுக்கு இரண்டு. நிறைவேறியது.

ஹாலிஸ் அதற்கு விலை கொடுத்தார். ஊரின் சில பழைய குடும்பங்கள் மருந்துச் சீட்டுகளைப் பக்கத்து ஊருக்கு மாற்றிக்கொண்டன. உணவு விடுதியில் அவர் காலைக் காப்பி குடிக்கிற மேசையில் ஆள் குறைந்தது. சில வாரங்கள் தனியாகவே உட்கார்ந்திருந்தார், பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு. இதைப் பற்றி அவர் யாரிடமும் குறை சொல்லவில்லை.

அடுத்த வசந்தத்தில் பம்பு வந்தது. எங்கள் சர்ச்சில் மீன் வறுத்து விருந்து வைத்தார்கள். பாதிரியார் ஹாலிஸின் துணிவைப் பற்றி நீளமாகப் பேசி, பெயர் பொறித்த ஒரு மரப்பலகையைக் கொடுத்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உருளைக்கிழங்கு சாலட் செய்து கொண்டுவந்திருந்த வெர்னெலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். மேடையில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. மறந்துபோய்த்தான் சொல்லவில்லை.

சாப்பிடும்போது ஹாலிஸ் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மார்லன், வெர்னெலுக்கு என் மேல கோவமா?"

"அப்படித் தெரியலையே."

"சிரிச்சுத்தான் பேசுறா. கேக்கற கேள்விக்குப் பதில் சொல்றா. ஆனா சந்தோஷமா இல்ல. நான் சொன்னதச் செஞ்சுட்டேன். அவ விலகாமயே செஞ்சேன். அப்புறம் என்ன?"

அவர் கேட்டது உண்மையாகவே தெரியாமல் கேட்டது. அதனால் நானும் உண்மையைச் சொன்னேன்.

"எத்தனையோ வருஷமா அவங்க கேட்டாங்க, மிஸ்டர் ட்ரூயிட். ஒரு நாள் நீங்க சரின்னீங்க. பலகை உங்க கைல இருக்கு."

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பி, எழுத்து தெரியாதபடி நாற்காலியில் வைத்தார். மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். "நான் முன்னாடியே ஒரு தடவ அந்த முற்றத்துல இறங்கிப் போயிருக்கணும்," என்றார்.  

கிளம்புவதற்கு முன் வெர்னெலிடம் போனேன்.

"பத்திரிகைக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க, மிஸ் வெர்னெல்."

"எழுதிக்கோ. பம்பு நல்லா வேலை செய்யுது. எங்க வீட்டுக்காரரு முற்றத்துல சக்கர நாற்காலிய ரேஸ் கார் மாதிரி ஓட்டறாரு."

"மிஸ்டர் ட்ரூயிட்டப் பத்தி?"

"நல்ல மனுஷன்னு எழுது. அது பொய்யில்ல." சாலட்டின் மிச்சத்தை என் தட்டில் சரித்தார். "இன்னொண்ணும் எழுதிக்கோ. அடுத்த தேர்தல்லயும் நான் நிக்கறேன். அவரும் நின்னா, இந்தத் தடவ அவரோட ஓட்ட அவருக்கே போட்டுக்கணும்."

"அவர் கேப்பாரா?"

"கேக்கட்டும், கேக்காம இருக்கட்டும். ஜெயிச்சா நான் ஜெயிச்சேன்னு இருக்கணும் தம்பி. யாரோ குடுத்ததுன்னு இருக்கக் கூடாது."

அப்படியே எழுதினேன்.